புல்லுக்கு அடியில் ஒரு அக்கவுண்டன்ட்

ஐம்பது ஏக்கர் கோட்டையை ஒளித்து வைக்க முடியுமா? முடியும் ஸார். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் ஒளிந்திருக்கிறது. மேலே புல்தரை, அணில்கள், ஐஸ்க்ரீம் சாப்பிடும் ஜோடிகள். கீழே ரோமாபுரி!

கி.பி. 71-ல் ஒன்பதாவது லீஜியன், அதாவது சுமார் 5,000 பேர் கொண்ட படை, இங்கே முகாம் போட்டது. அதன் கோட்டையில் ஒரு மூலைக் கோபுரம் மியூசியம் கார்டன்ஸ் பூங்காவில் தலைநீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே 19 அடி ரோமானியர் கட்டியது; மேலே பிற்காலத்து ஒட்டுவேலை. மிச்சக் கோட்டையில் பெரும்பகுதி புல்லுக்கும் கடைத்தெருவுக்கும் அடியில்.

1969-ல் யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தின் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தத் தோண்டியபோது கோட்டையின் தலைமை ஆபீஸ் தூண் ஒன்று கிடைத்தது. ஊருக்கு 1,900 வயசு என்று 1971-ல் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். தலைகீழாக நிறுத்திவிட்டார்கள் என்று இன்றைக்கும் பேச்சு. கான்ட்ராக்ட் வேலை எந்த ஊரிலும் ஒரே லட்சணம்தான் போலிருக்கிறது!

சக்கரவர்த்திகளுக்கும் குறைச்சலில்லை. செவரஸ் 211-ல் கண்ணை மூடியது இங்கே. 306-ல் கான்ஸ்டன்டைனைச் சக்கரவர்த்தி என்று படை கோஷம் போட்டதும் இங்கேதான்.

கம்பெனி வேலையாகப் போயிருந்த என்னை நிறுத்திவைத்தது இவர்கள் யாருமில்லை. அந்தப் பூங்காவிலேயே இருக்கும் யார்க்ஷயர் மியூசியத்தில் ஒரு கல்லறைக் கல். பெயர், லூசியஸ் டுக்கியஸ் ரூஃபினஸ். ஒன்பதாவது லீஜியனில் கொடி பிடிப்பவர். சொந்த ஊர், இன்றைய பிரான்ஸிலுள்ள வியன். ஒரு கையில் கொடிக்கம்பு. இன்னொரு கையில் வாளா? இல்லை, எழுதுபலகைப் பெட்டி! ரோமப் படையில் சிப்பாய்களின் சேமிப்புக்குக் கணக்கு வைப்பதும் கொடிக்காரர் பொறுப்புதான். ஆக, ஆசாமி நம்ம அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்!

வயசு 28 என்று கல்லில் போட்டிருக்கிறது. முழு சர்வீஸ் என்றால் 25 வருஷம். பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டார். அவருடைய லீஜியனும் யார்க்கில் 108-ஆம் வருஷக் கல்வெட்டோடு சரி. பிறகு அதன் இடத்துக்கு ஆறாவது லீஜியன் வந்துவிட்டது. இந்த மனுஷன் மட்டும் டிரான்ஸ்ஃபர் இல்லாமல் அதே ஊரில்.

எனக்கும் அப்போது 28. ஊர் திரும்ப மூன்று வாரம் பாக்கி. அதற்கே தினமும் காலண்டரைக் கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன்.

“என்னடா, இந்நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“சும்மாதாம்மா. உன் குரலைக் கேக்கணும்னு தோணிச்சு.”

“கல்யாணத்துக்கு சரின்னு சொல்லத்தான் சுத்தி வளைக்கிறியா?”