அம்மாயியின் சிறுவாடு

ஆட்டையாம்பட்டி என்றாலே அடுத்த வார்த்தை முறுக்குதான். ஆபீசில் லீவ் லெட்டர் நீட்டியபோது மேனேஜர் காரணமே கேட்கவில்லை. "ரெண்டு பாக்கெட் கைமுறுக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் போனதோ, அம்மாயி தயிர் கடைவதைப் பார்க்க!

விடிகாலை ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டாள். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகிவிடும், சரியாகத் திரளாது. தூணோடு சேர்த்துக் கட்டிய மத்து, அதைச் சுற்றிய கயிறு, கீழே தயிர்த் தாழி.

"சும்மா வேடிக்கை பாக்காதே கண்ணு, ரெண்டு இழுப்பு இழு."

ஒரு கை இழுக்கும்போது மறு கை விட்டுக்கொடுக்கணும். நான் இரண்டையும் சேர்த்து இழுத்தேன். பேன்ட்டுக்குத் தயிர் அபிஷேகம்!

அயர்லாந்து கிராமங்களிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. வெண்ணெய் கடையும் நேரத்தில் வந்த விருந்தாளி ஒரு கை கடைந்துவிட்டுத்தான் போகணும். இல்லையென்றால் வீட்டு ராசியைக் கொண்டுபோய்விடுவானாம். மே முதல் தேதி பால், வெண்ணெய் எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள்.

சொன்னேன். அம்மாயி அசரவில்லை. "விளக்கு வெச்சா நாம மோர் குடுக்கறோமா? அதாட்டந்தான்."

சத்தம் கனத்தது. குளிர்ந்த தண்ணீர் தெளித்தாள். வெண்ணெய் திரண்டு மிதந்தது. வழித்து உருட்டினால் ஒரு எலுமிச்சம்பழ அளவு!

"இவ்வளவுதானா?"

ஒரு கிலோ வெண்ணெய்க்குச் சுமார் 12 லிட்டர் எருமைப் பால் வேண்டும். அம்மாயிக்கு மிஞ்சுவது ஒரு சொம்பு. மற்றதெல்லாம் சொசைட்டிக்கு. அங்கே கொழுப்பு பார்த்துக் காசு. அது மாமா பேரில் பேங்குக்குப் போகிறது. குடும்பமே அதில்தான் ஓடுகிறது, குறை சொல்ல முடியாது.

ஆனால் முன்பு வெண்ணெய் விற்ற காசு அம்மாயியின் சிறுவாடு. யாரும் கணக்குக் கேட்டதில்லை. என் காலேஜ் பரீட்சை ஃபீஸ் அதிலிருந்து வந்ததுதான். அயர்லாந்திலும் வெண்ணெய்க் காசு பெண்கள் கைக்காசாகத்தான் இருந்தது. 1889-ல் அங்கே முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை வந்தது. ஆலைகள் பெருகப் பெருக, அந்தக் காசும் அவர்கள் கையை விட்டுப் போனது.

கிளம்பும்போது முருங்கைக்கீரை போட்டு உருக்கிய நெய், ஒரு சின்ன பாட்டிலில் கொடுத்தாள். ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். 'பேரன் காசு குடுக்கறதா?' என்று திட்டுவாள் என்று நினைத்தேன்.

நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்க மாமங்கிட்டச் சொல்லிப்போடாதே, சாமி!"