கண்ணாடியில் கீறிய ஊர்

பழைய கட்டடங்களில் பெயர் கிறுக்கி வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் கோபம் வாயடைத்துப்போகிற இடம் ஒன்று ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கிறது: குரோயிக் தேவாலயம்.

ஆர்ட்கே என்னும் சிற்றூரிலிருந்து கரன் ஆற்றையொட்டி மேற்கே போய், பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் திரும்ப வேண்டும். சுமார் 16 கிலோமீட்டர். பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்டின் மேற்பார்வையில், அரசுப் பணத்தில், ஏறக்குறைய ஒரே அச்சில் எழுந்த 32 தேவாலயங்களில் இதுவும் ஒன்று, 1827இல் கட்டியது. அழகு என்று சொல்ல அதிகமில்லை. பார்க்க வேண்டியது கிழக்குச் சன்னலை.

அருகிலுள்ள கிளென்கால்வி பள்ளத்தாக்கில் 18 குடும்பங்கள் குத்தகைக்கு உழுது வந்தன. மனிதர்களைவிடச் செம்மறியாடுகள் லாபம் என்று நிலக்கிழார்கள் கணக்குப் போட்டிருந்த காலம் அது. 1842இல் வெளியேற்ற உத்தரவு கொண்டுவந்தவர்களை வழிமறித்து, அந்தக் காகிதங்களைப் பெண்களே எரித்தார்கள். மூன்று வருடம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது.

1845 மே மாதம் ஊரே வெளியேறியது. ஏறத்தாழ 80 பேர், கைக்குழந்தைகளும் நோயாளிகளும் உட்பட, குரோயிக் கல்லறைத் தோட்டத்தில் கம்பு நட்டு, துணியும் போர்வையும் கட்டி ஒண்டினார்கள். லண்டன் ‘டைம்ஸ்’ செய்தியாளர் நேரில் வந்து பார்த்து எழுதினார். கூரையுள்ள தேவாலயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, உள்ளே போகாமல் ஏன் வெளியே நனைந்தார்கள்? இரண்டு வருடம் முன்பு திருச்சபை பிளந்தபோது இவர்களில் பெரும்பாலோர் புதிய சுதந்திரத் திருச்சபையின் பக்கம் போயிருந்தார்கள். அதனால் அந்தக் கட்டடம் அவர்களுடையது அல்லாததாகிவிட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

போகுமுன் சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகளில் சில வரிகளைக் கீறினார்கள். வீட்டில் பேசியது கேலிக், கீறியது ஆங்கிலம். கிளென்கால்வி மக்கள் இங்கே இருந்தார்கள் என்று தேதியோடு ஒரு வரி. இன்னொன்றில் தங்களையே பொல்லாத தலைமுறை என்கிறார்கள். வெளியேற்றம் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று போதித்த போதகர்கள் அந்த நாளில் உண்டு. அதை நம்பி எழுதினார்களா, கசந்துபோய் எழுதினார்களா? எத்தனை முறை யோசித்தாலும் கசப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது.

எழுத்துகள் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அவை தலைகீழாக அல்ல, இடவலம் மாறித் தெரியும். நேராகப் படிக்க வேண்டுமென்றால் கல்லறைகளுக்கு நடுவே, அவர்கள் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டும்.