இரண்டாவது ஸ்டிக்

கேப்டன் வி. சுந்தரம். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் கற்றவர். பிறகு பெங்களூரு ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார். 1949-ல் அங்கே தேறி வந்த முதல் ஆள் அவருடைய மனைவி உஷா! எங்கள் ஊர்த் திருத்தங்கல் ரோட்டில் வீட்டுக்காரம்மாவுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவர்களோ 1951-ல் மெட்ராஸ் அரசுக்கு வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். அன்றைக்கு அது சாதனை.

*

பின்னாளில் சென்னையில் ப்ளூ கிராஸ் தொடங்கியதும் இதே தம்பதிதான், 1959-ல். நாய்க்குட்டிக்குப் பதறுகிற மனசு வாத்தியார் வேலைக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

*

சின்ன விமானத்தில் கற்பவருக்கு ஒரு ஸ்டிக், வாத்தியாருக்கு ஒரு ஸ்டிக். கால் பெடலும் அப்படியே. இறங்கும்போதுதான் சோதனை. தரை நெருங்கியதும் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். முந்தி இழுத்தால் விமானம் மறுபடி மிதக்கும், வேகம் செத்துப் பொத்தென்று விழும். பிந்தினால் முன்சக்கரம் இடிக்கும். வாத்தியார் கை தொடைமேலேயே இருக்கும். உடனே பிடுங்கினால் பையன் கற்கமாட்டான், விட்டுவைத்தால் வண்டி போய்விடும்.

*

எங்கள் பக்கம் பட்டாசு ஆலை மருந்து ரூமில் இரண்டாவது ஸ்டிக் கிடையாது. வாசலில் செம்புத் தகடு. அதில் கையை வைத்து உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகணும். இரும்புச் சாமான் கூடாது. நைலான் சேலை கூடாது. புதிதாக வந்த பெண்ணிடம் போர்மேன் சொல்வது: “தாயி, சல்லடையத் தட்டாத. ஆட்டு.” மறுநாளும் அதையேதான் சொல்வார். பிள்ளைகள் அவரை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்கும். தட்டிவிட்டால் அவர் எட்டிப் பிடிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

*

வெயில் ஏறினால் ஓடுபாதைமேல் காற்று கிளம்பிச் சின்ன விமானத்தைத் தூக்கிப் போடும். அதனால் புதுப் பிள்ளைகளுக்குக் காலையிலேயே பாடம். மருந்துக் கலவையையும் வெயிலுக்கு முந்தி முடி என்பார்கள். இரண்டு தொழிலுக்கும் சூரியன்தான் சூப்பர்வைசர்.

*

விமானம் விழுந்தால் விசாரணை நடந்து அறிக்கை வெளிவருகிறது. எங்கோ ஒரு வாத்தியார் அதைப் படித்துவிட்டு அடுத்த பாடத்தை மாற்றுகிறார். பட்டாசு ஆலை வெடித்தால் எஃப்.ஐ.ஆர். உண்டு, நிவாரணத் தொகை உண்டு, பெரும்பாலும் முதலில் கைதாகிறவர் போர்மேன். எந்த மருந்து, எந்த நேரம், யார் கை எங்கே இருந்தது என்பதெல்லாம் அடுத்த ஆலை போர்மேனுக்குச் சாட்சியாபுரம் டீக்கடையில்தான் தெரியவருகிறது, அதுவும் ஆளுக்கொரு விதமாக.