ஒரு புள்ளியின் கடன்



மத்ரஸாவில் கிதாபு ஓதிக்கொடுக்கும் ஒருவன், கணினியில் படம் திருத்துவதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் லேயர், மாஸ்க் என்னும் இரண்டையும் அறியாமல் நான் செய்த ஒரு காரியத்தால், எங்கள் குடும்பத்தின் மீதிருந்த ஒரு கடன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து காட்சியளித்தது. குறைத்துக் காட்டிய கை என்னுடையது. ஆகவே எழுதுகிறேன்.

வாப்பா வஃபாத்தாகிச் சில மாதங்கள் கழித்து, காக்காவும் நானும் மாடியறையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தோம். அதில் அப்பாவின் கணக்குப் புத்தகம் இருந்தது. எங்கள் ஊரில் பாட்டனாரை அப்பா என்றே அழைப்போம். அவர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கணக்கு முழுவதும் அரபுத்தமிழில், கறுப்பு மையில். அரபு எழுத்துகளையே கொண்டு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் அடையாளங்களும் இட்டுத் தமிழை எழுதும் முறை அது. எண்களும் அரபு எண்களே.

ஏறக்குறைய எல்லா வரிகளின் மீதும் அப்பா கோடு கிழித்து, தீர்ந்தது என்று எழுதியிருந்தார். ஹிஜ்ரி 1372, ரஜப் மாதக் கணக்கில் ஒரு வரி மட்டும் கோடின்றி நின்றது. அடுத்த தெருக்காரர் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய தொகை அது. மய்யித்தின் கடன் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குச் சொத்து என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். அந்தப் பாடம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து எழுந்து வந்து என்னைக் கேட்டது.

மறுநாள் ராத்தா புத்தகத்தைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வதாக இருந்தது. அதனால் அன்றிரவே பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்தேன். ஈரம் பட்ட தாள். பக்கமெங்கும் பழுப்புப் பொட்டுகள். கைபேசியில் இருந்த ஒரு செயலியில், விரலால் தொட்டால் கறை மறையும். இஷாவுக்குப் பிறகு அமர்ந்தவன் நள்ளிரவு வரை தொட்டுக்கொண்டே இருந்தேன். தொடக்கத்தில் வரிகளைப் படித்துப் படித்துத் துடைத்தேன். பிறகு எப்போதோ படிப்பது நின்று, துடைப்பது மட்டும் நடந்தது. தாள் வெண்மையாக வந்தபோது மனம் மகிழ்ந்தது. சேமித்தேன். பழைய படத்தின் மீதே புதியது பதிந்தது.

அச்செடுத்த பக்கத்தில் தொகை 15 ரூபாய் என்றிருந்தது. காக்காவும் நானும் அந்த அச்சுத் தாளுடன் கடன் கொடுத்தவரின் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய மகள் எண்பதைத் தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் மாமி. தாளைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

“பதினைந்து ரூபாய்தானே வாப்பா. இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள்? ஹலால் ஆக்கிவிட்டேன். என் வாப்பாவுக்கு துஆச் செய்யுங்கள்.”

நெஞ்சு இலேசாகித் திரும்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, சென்னையில் அச்சு வடிவமைப்பு வேலை செய்யும் காக்காவின் மகன் ஊருக்கு வந்தான். என் கைவேலையைப் பெருமையோடு காட்டினேன். அவன் பாராட்டவில்லை.

“சாச்சா, ஒரிஜினல் எங்கே?”

“இதுதான்.”

“இதன் மேலேயே துடைத்துவிட்டீர்களா? தனி லேயரில் செய்யவில்லையா?”

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. அவன் ராத்தா வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கி வந்தான். ஸ்கேனரில் அந்தப் பக்கத்தை வைத்தான். என் பழைய மடிக்கணினியில் கிம்ப் என்னும் மென்பொருளை நிறுவினான். அது இலவசமாக, முறையான உரிமத்துடன் கிடைப்பது. போட்டோஷாப்பின் திருட்டுப் பிரதி வேண்டாம் என்று நான் சொல்வேன் என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் சொல்லித் தந்ததை என் சொற்களில் தருகிறேன். ஒரு பக்கத்தின் மேல் கண்ணாடித் தாள் ஒன்றை வைத்து, அதன் மேல் எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பக்கமாகத் தெரியும். தாளை எடுத்துவிட்டால் அடியில் உள்ளது அப்படியே இருக்கும். அந்தக் கண்ணாடித் தாளே லேயர். போட்டோஷாப்பில் இந்த வசதி 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன், தீட்டியது படத்தோடு கலந்துபோகும். நான் கைபேசியில் செய்தது அந்தப் பழைய முறை.

மாஸ்க் என்பது ஒரு லேயருக்குப் போடும் திரை. திரையில் வெள்ளை இருக்கும் இடத்தில் அந்த லேயர் தெரியும்; கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும்; சாம்பல் நிறத்தில் பாதி தெரியும். கறுப்புத் தீட்டிய இடத்தில் எதுவும் அழிவதில்லை. மனம் மாறினால் வெள்ளையைத் தீட்டினால் போதும், மறைந்தது திரும்பி வரும். அழிப்பானுக்கும் மாஸ்க்குக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

பிறகு வேலையைத் தொடங்கினான். ஸ்கேன் செய்த பக்கத்தை அடியில் வைத்துப் பூட்டினான். அதன் நகல் ஒன்றை மேல் லேயராக எடுத்து, அதில் சிவப்புக் கூறை மட்டும் பிரித்தான். பழுப்புக் கறை நீலக் கூறில் அடர்த்தியாகவும் சிவப்புக் கூறில் மங்கலாகவும் தெரியும். கறுப்பு மையோ எல்லாவற்றிலும் கறுப்பாகவே நிற்கும். திரையில் பொட்டுகள் ஒவ்வொன்றாக வெளிறின. ஒரு பொட்டு மட்டும் வெளிறவில்லை. 15 என்ற எண்ணின் வலப்பக்கத்தில், சிறியதாக, கறுப்பாக, உறுதியாக நின்றது.

அரபு எண்களில் பூஜ்யம் என்பது ஒரு புள்ளி. அதை நான் அறியாதவன் அல்லன். பாலர் வகுப்புக்கே கற்றுக்கொடுக்கிறேன். தொகை 150 ரூபாய்.

காக்காவின் மகன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்-பகறாவின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவர் அதில் எதையும் குறைத்துவிடக் கூடாது என்ற கட்டளை அதில் இருக்கிறது. அப்பா அதன்படி எழுதி வைத்தார். எழுபது ஆண்டு கழித்து, பேரன் விரல் நுனியால் குறைத்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கணினியில் கற்ற பாடம் எனக்குப் புதியதே அன்று என்பதுதான் அதிகமாக உறுத்தியது. நான் ஓதிக்கொடுக்கும் கிதாபுகளைத் திறந்து பாருங்கள். மூல ஆசிரியரின் மத்ன் அடைப்புக்குள்ளோ தனிக் கட்டத்திலோ இருக்கும். அதைச் சுற்றி ஷரஹ் என்னும் விரிவுரை. ஓரத்தில் ஹாஷியா என்னும் குறிப்பு. ஒரே பக்கத்தில் மூன்று அறிஞர்கள் பேசுவார்கள். ஒருவர் சொல் மற்றவர் சொல்லோடு கலக்காது. முன்னோர் காகிதத்திலேயே லேயர் போட்டிருக்கிறார்கள்.

குர்ஆன் பிரதிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. தொடக்ககால முஸ்ஹஃபுகளில் உயிர்க்குறிகள் இல்லை. ஓதுவோர் பிழை செய்யாதிருக்க, ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலி அவர்கள் புள்ளிகளால் அக்குறிகளை ஏற்படுத்தினார்கள் என்பது அறியப்பட்ட செய்தி. அப்புள்ளிகள் எழுத்தின் மையில் இடப்படவில்லை. வேறு நிறத்தில் இடப்பட்டன. எது முன்பே இருந்தது, எது ஓதுவோரின் வசதிக்காகச் சேர்த்தது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்ற பேணுதல் அது.

ஹதீஸ் கலையில் முத்ரஜ் என்றொரு வகை உண்டு. அறிவிப்பாளர் விளக்கமாகச் சொன்ன சொல், கேட்டவர் கவனக்குறைவால் நபிமொழியின் வாசகத்தோடு இணைந்துவிடுவது. அப்படி இணைந்தவற்றைப் பிரித்துக் காட்டவே கதீப் அல்-பக்தாதி அவர்கள் தனி நூல் எழுதினார்கள். சேர்த்தவர் கெட்ட எண்ணத்தோடு சேர்த்திருக்க வேண்டியதில்லை, விளக்க விரும்பியிருப்பார். நானும் கெட்ட எண்ணத்தோடு துடைக்கவில்லை. நல்ல எண்ணம் இருந்தது; லேயர் இல்லை.

பக்கத்தை மீண்டும் சீர்செய்தோம். அடியில் மூலம். அதன் மேல் வெளுத்த நகல், ஒரு மாஸ்க்குடன். கறையா மையா என்று ஐயம் எழுந்த இடங்களில் எல்லாம் மாஸ்க்கில் கறுப்பைத் தீட்டினேன். அங்கே மூலம் தன் கறையோடு தெரிந்தது. படிக்க முடியாமல் சிதைந்த இரண்டு சொற்களுக்கு என் ஊகத்தைத் தனி லேயரில் சிவப்பு எழுத்தில் வைத்தேன்.

குடும்பத்தாருக்கு அனுப்பும் முன் காக்கா ஒன்றை நினைவூட்டினார். அதே பக்கத்தில் அப்பாவிடம் கடன்பட்ட வேறு சிலரின் பெயர்களும் இருந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பிறர் குறையை மூடி மறைப்பதும் அமானிதமே. அவ்வரிகளின் மேல் ஒரு லேயரை வைத்து மூடினோம். இங்கே காக்காவின் மகன் ஓர் எச்சரிக்கை செய்தான். வாசகர்களும் குறித்துக்கொள்ள வேண்டும். லேயர்களோடு உள்ள கோப்பை அனுப்பினால், பெறுபவர் திரையை விலக்கிப் பார்த்துவிட முடியும். ஆகவே அனுப்புவதற்கு எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக் படம். வீட்டில் வைத்துக்கொள்வதற்கு லேயர்களோடு கூடிய எக்ஸ்சிஎஃப் கோப்பு. மூடும் நிறமும் சற்றும் ஊடுதெரியாத முழுக் கறுப்பாக இருக்க வேண்டும்.

பின்னர், செய்ய வேண்டியதிலேயே கடினமானது மிஞ்சியிருந்தது. மாமி ஹலால் ஆக்கியது 15 ரூபாயை. 150 ரூபாயை அவரிடம் யாரும் கேட்கவில்லை. தொகை தெரியாமல் கொடுத்த மன்னிப்பை நிறைவானதாக எண்ணிக்கொள்ள என் மனம் துணியவில்லை. இம்முறை புத்தகத்தையே எடுத்துச் சென்றோம். என் தவற்றை முழுவதும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தார். அரபுத்தமிழ் அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

“அந்த வருடம்தான் எங்கள் ராத்தாவுக்கு நிக்காஹ் பேசினார்கள். கைக்குக் காசு வரவில்லை என்று வாப்பா தள்ளிப் போட்டார்கள். யாரிடம் கொடுத்திருந்தார்கள் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவே இல்லை.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மற்ற வாரிசுகளையும் கேட்டு, எங்கள் ஹஜ்ரத்திடம் முறையையும் கேட்டுக் கடனைத் தீர்த்தோம். எவ்வளவு, எப்படி என்பது இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் இருக்கட்டும். புறப்படும்போது மாமி ஒன்று கேட்டார். அந்தப் பக்கத்தின் படம் ஒன்று வேண்டும். தம் வாப்பாவின் பெயரை யாரும் கையால் எழுதி அவர் பார்த்ததில்லையாம். வெளுத்ததைத் தரவா என்று கேட்டேன்.

“வேண்டாம் வாப்பா. கறையோடேயே கொடுங்கள்.”

மேல் லேயர்கள் அனைத்தையும் அணைத்து, பிறருடைய பெயர்களை மூடிய லேயரை மட்டும் விட்டு அச்செடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் வீடுகளிலும் பழைய நிக்காஹ் தாள்களும் கப்பலில் வந்த கடிதங்களும் அரபுத்தமிழ் ஏடுகளும் இருக்கும். அவற்றைப் படமெடுத்துச் சீர்செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் படத்தைத் தொடாமல் வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். திருத்தம் எதுவானாலும் தனி லேயரில் செய்யுங்கள். அழிப்பானுக்குப் பதில் மாஸ்க்கைப் பயன்படுத்துங்கள். ஊகத்தை வேறு நிறத்தில் எழுதுங்கள். புள்ளி ஒன்றைத் துடைக்கும் முன் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அப்பாவின் புத்தகத்தில் அந்த ரஜப் மாத வரியின் மேல் இப்போது ஒரு கோடு இருக்கிறது. காக்கா என்னையே கிழிக்கச் சொன்னார். தாளின் மேல் அல்ல. கணினியில், தனி லேயரில். தாளில் இருப்பது அப்பாவின் கை. அது அப்படியே இருக்கட்டும்.

யா அல்லாஹ், எங்கள் முன்னோரின் கடன்களை நிறைவேற்றும் நற்பேற்றை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் கைகள் அறியாமல் குறைத்தவற்றை மன்னிப்பாயாக. ஆமீன்.