ராத்திரி போன ஓகே

சுங்குவார்சத்திரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், ஏ.ஐ.யைக் கொண்டுபோய் என்8என்-ல் கோத்துவிட்டார். 2019-ல் பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் ஆரம்பித்த சமாசாரம். திரையில் கட்டங்களைக் கோடு போட்டு இணைத்தால் போதும். ஆர்டர் மெயில் வந்ததும் ஏ.ஐ. படிக்கும், கணக்கில் ஏற்றும், பதிலும் போட்டுவிடும்.

'சம்பளம் கேட்காத குமாஸ்தா சார்!'

ஒருநாள் ராத்திரி, பத்து நாள் வேலையை மூன்றே நாளில் கேட்டு ஒரு மெயில். குமாஸ்தா பணிவாக 'ஓகே' சொல்லிவிட்டது. பட்டறை ஆட்கள் மூன்று ராத்திரி தூங்கவில்லை. (குமாஸ்தாவுக்கு ஏது தூக்கம்!)

பி.காம்.மில் 'இன்டர்னல் செக்' படித்திருக்கிறேன். எழுதுகிறவன் ஒருத்தன், சரிபார்க்கிறவன் வேறொருத்தன். அதைச் சொன்னேன். நடுவே இன்னொரு கட்டம் சேர்த்தார். இப்போது பதில் அவர் போனில் வந்து நிற்கும். அவர் தட்டினால்தான் கிளம்பும்.

'தூக்கத்துல தட்டிட்டா?' என்கிறார் அவர் மனைவி.