எடை மெஷினும் எல்.இ.டி. பல்பும்

ரயில்வே பிளாட்பாரத்து எடை மெஷின் நினைவிருக்கிறதா? ஏறி நின்றால் கலர் பல்புகள் மின்னும், வட்டத்தகடு சுற்றும், காசு போட்டால் 'டொக்' என்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் காலி பண்ணியவர்கள் எழும்பூரில் இதில் ஏறாமல் இருப்பதே நல்லது!

இந்த மாதிரி பழைய மெஷினை மறுபடி ஓட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பல்பை. குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தில் சுமார் 5 சதவீதம்தான் வெளிச்சம், மீதியெல்லாம் சூடு. கணக்கு போட்டுப் பாருங்கள். 5 வாட் பல்பு பத்து, தினம் 16 மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 6 ரூபாய் 40 காசு. 2 ரூபாய் போடுகிற முதல் மூன்று பேர் காசு கரண்டுக்கே சரி. அரை வாட் எல்.இ.டி. என்றால் 64 காசுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. பிள்ளைகளை இழுப்பதே அந்தக் கலர் லைட்தானே? வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு குறைவு. சிவப்பு மூடிக்குள் போட்டால் மங்கிப்போகும். சிவப்புக்குள் சிவப்பு, பச்சைக்குள் பச்சை என்று போட வேண்டும். பல்புகள் சீரியலில் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றி பிரயோஜனமில்லை, வயரிங்கே மாறணும்.

காசு விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம். 1992-ல் வந்த 1 ரூபாய் நாணயம் 25 மி.மீ. விட்டம். 2011-ல் வந்த 2 ரூபாயும் அதே 25 மி.மீ.! துளையைத் தொடாமலே கட்டணம் இரட்டிப்பு.