ராபின் ஹூட்டுக்கு ஏது சார் கோட்டை?

வீடு வாங்கும் முன் வில்லங்கம் பார்க்கச் சொல்வார்கள். ஷெல்ஃபில் வைக்கிற கோட்டைக்கும் அது பொருந்தும், சார்!

இங்கிலாந்திலிருந்து வந்த நண்பன் எனக்கு ஒரு குட்டிக் கோட்டை கொடுத்தான். பிளாஸ்டரில் வார்த்து, கையால் பெயின்ட் அடித்தது. பெயர், லாக்ஸ்லி கோட்டை. டேவிட் வின்ட்டர் என்ற சிற்பியின் பெயரில் 1979-லிருந்து வந்த குட்டி வீடுகள் வரிசையில், ராபின் ஹூட் கதைக்கென்றே தொண்ணூறுகளில் ஒரு தொகுப்பு போட்டார்கள். அதில் ஒன்று.

"அட்டைப்பெட்டியும் சர்டிபிகேட்டும் பத்திரம்டா. அது ரெண்டும் இல்லேன்னா விலை போகாது" என்றான் நண்பன். கொள்ளைக்காரன் வீட்டுக்குச் சான்றிதழ்!

பி.காம். படித்தவன் சும்மா இருப்பானா? மூலப் பத்திரத்தைத் தேடினேன்.

15-ம் நூற்றாண்டுப் பழம் பாட்டுகளில் ராபினுக்குக் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. அவன் ஒரு 'யோமன்'. அதாவது பிரபுவும் இல்லை, பண்ணையடிமையும் இல்லை, நடுவாந்தரம். நம்ம ஜாதி என்று வையுங்களேன்! காடுதான் வீடு. கோட்டைக்குள் சொகுசாக இருந்தவர் அவனுடைய எதிரி, நாட்டிங்ஹாம் ஷெரீஃப்.

1598-ல் அந்தோணி மண்டே எழுதிய நாடகங்களில் ராபினுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. 1991-ல் கெவின் காஸ்ட்னர் நடித்த படத்தில் அப்பா வழிக் கோட்டையே வந்துவிட்டது. அதுவும் வில்ட்ஷயரில் இருக்கும் ஓல்டு வார்டர் என்ற இடிந்த கோட்டையில் எடுத்த ஷூட்டிங். இரவல் கோட்டை!

எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. சாதாரண ஆள் அநியாயத்தை எதிர்த்தான் என்றால் ஏன் நம்ப மாட்டேன் என்கிறோம்? 'பரம்பரைப் பணக்காரன், சொத்தைப் பிடுங்கிட்டாங்க, அதான் வில்லைத் தூக்கினான்' என்றால்தான் நமக்குத் திருப்தி.

என் அப்பா குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு பொய் பில்லில் கையெழுத்துப் போட மறுத்தார். உடனே டிரான்ஸ்ஃபர். ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம், "இவ்வளவு தைரியம்னா, பின்னாடி யாரோ பெரிய ஆள் இருக்கணும்."

இருந்தார்கள். எங்கம்மா. ஊர் மாறப் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு!

அதனால் இந்தக் கோட்டையை ஷெரீஃப் கணக்கில் எழுதிவிட்டேன். ராபினுக்குப் பக்கத்தில் இருக்கும் மணி பிளான்ட் தொட்டி. சர்டிபிகேட் கிடையாது, தண்ணீர் மட்டும் தினமும் ஊற்ற வேண்டும்.